குளிர் அறைக்கு முன்னால் ஒரு காலண்டர்

கேள்வி (நீண்ட கடிதத்தின் சுருக்கம்): வணக்கம் ஐயா. நானும் கணவரும் அரை ஏக்கரில் காய்கறியும் பூவும் போட்டு, வாரம் ஒருநாள் சந்தையில் நாங்களே விற்கிறோம். இது இரண்டாவது வருடம். போன பருவத்தில் 28 வகைக் காய், 9 வகைப் பூ. தக்காளி 300 செடியும் ஒரே சமயத்தில் பழுத்து, மூன்றில் ஒரு பங்கு அழுகியது. நாங்களே எடுத்து வைத்த விதையில் வந்த சுக்கினி (வெள்ளரி மாதிரி நீளமான பூசணி வகை) கசந்துபோய், வாங்கியவர்கள் திருப்பிக் கொண்டுவந்தார்கள். காலையில் வெட்டிய பூ மதியத்துக்குள் தலை தொங்கியது. லெட்டூஸ் ஒரு வாரம் குவிகிறது, அடுத்த மூன்று வாரம் ஒன்றுகூட இல்லை. கையில் கொஞ்சம் பணம் சேர்த்து வைத்திருக்கிறோம். பாலிஹவுஸ் போடுவதா, சின்னதாகக் குளிர் அறை கட்டுவதா? பின்குறிப்பு: இரண்டு வருடத்துக்கு முந்தைய வெங்காய விதை ஒரு பை இருக்கிறது. போடலாமா?

பதில்:

இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம். பணத்தை அப்படியே வைத்திருங்கள். ஒரு பெரிய காலண்டரும் பென்சிலும் வாங்குங்கள், பேனா வேண்டாம், அழிக்க வேண்டியிருக்கும்.

விளையாட்டாகச் சொல்லவில்லை. உங்கள் கடிதத்தைத் திரும்பப் படித்துப் பாருங்கள். தக்காளி அழுகியது, லெட்டூஸ் விட்டுவிட்டு வந்தது என்று நீங்கள் எழுதியதில் விளைச்சல் குறைவு என்ற புகார் எங்கேயுமே இல்லை. விளைந்திருக்கிறது, விற்கும் நாளில் விளையவில்லை, அவ்வளவுதான். அதற்கு பாலிஹவுஸ் என்ன செய்யும்? மொத்தமாகப் பழுத்த அதே 300 செடியை இரண்டு வாரம் முன்னாலேயே மொத்தமாகப் பழுக்க வைக்கும். குளிர் அறை சங்கதி இதைவிட வேடிக்கை. லெட்டூஸுக்கு 0 டிகிரியை ஒட்டிய குளிர் வேண்டும், தக்காளியை 12 டிகிரிக்குக் கீழே கொண்டுபோனால் ருசி போய்விடும், பழுக்காத காய் அப்புறம் வெளியே எடுத்தாலும் ஒழுங்காகப் பழுக்காது, வெள்ளரி 10 டிகிரிக்குக் கீழே சில நாள் இருந்தாலே தோல் குழிவிழுந்து நீர் கசியும். ஒரே அறையில் எல்லாவற்றையும் அடைத்தால் ஏதோ ஒன்று கெட்டே தீரும். போதாததற்குப் பழுக்கிற தக்காளி எத்திலீன் வாயு விடும், அது பட்டால் லெட்டூஸ் இலையில் பழுப்புப் புள்ளி விழும். இரண்டாம் வருடத்தில் கட்டிய குளிர் அறையைக் கடைசியில் சாமான் போட்டுவைக்கும் அறையாக்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, காலண்டர். நாம் எல்லோரும் விதைப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் யோசிக்க ஆரம்பிக்கிறோம். எதை விதைக்கலாம், எங்கே இடம் இருக்கிறது, நிலம் ஈரமாக இருக்கிறதே இன்றைக்கே போட்டுவிடலாமா என்று. விற்கிறவர் அந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கக் கூடாது. சந்தை மேசையிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். உங்கள் லெட்டூஸையே எடுத்துக்கொள்வோம். வாரம் 40 தலை விற்கும் என்று வையுங்கள். பூச்சி அரித்தது, சூம்பியது, நத்தை தின்றது என்று ஐந்தில் ஒன்று கழியும், ஆக 50 செடி வேண்டும். 75 செ.மீ. அகலப் பாத்தியில் மூன்று வரிசை, செடிக்குச் செடி 30 செ.மீ. என்றால் ஒரு மீட்டருக்கு 10 செடி. அதாவது ஒரு வாரத்து விற்பனைக்கு 5 மீட்டர் பாத்தி போதும். நாற்று 3 வாரம், நட்டபின் 6 வாரம், மொத்தம் 9 வாரம். எனவே விற்கும் நாளிலிருந்து 9 வாரம் பின்னால் போய் காலண்டரில் "லெட்டூஸ் 60 விதை" என்று எழுதுங்கள். அடுத்த வாரக் கட்டத்திலும் அதையே எழுதுங்கள், அதற்கடுத்த வாரத்திலும். எந்த நாளிலும் மண்ணில் இருப்பது 30 மீட்டர் லெட்டூஸ், அதில் 5 மீட்டர் பறிப்பில், 5 மீட்டர் புதிதாக நட்டது. நீங்கள் போன வருடம் ஒரே நாளில் இரண்டு பாத்தி முழுக்க நட்டிருப்பீர்கள், சரிதானே?

நீங்கள் எந்த ஊர் என்று எழுதவில்லை, அதனால் தேதி எதுவும் சொல்லாமல் நாள் கணக்காகவே சொல்கிறேன். பகல் நீளமாக இருக்கும்போது 6 வாரத்தில் வருகிற லெட்டூஸ், பகல் சுருங்கும்போது 8 வாரம் எடுத்துக்கொள்ளும். பகல் 10 மணி நேரத்துக்கும் கீழே போகிற நாடுகளில் செடி கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே நிற்கும். அதனால் பகல் குறைந்துகொண்டே வரும் பருவத்தில் விதைப்புக்கு விதைப்பு இடைவெளியைக் குறைக்க வேண்டும், பகல் கூடிவரும் பருவத்தில் கூட்ட வேண்டும். முதல் வருடம் குத்துமதிப்பாகத்தான் வரும். எந்த விதைப்பு எத்தனை நாளில் பறிப்புக்கு வந்தது என்று அதே கட்டத்தில் குறித்துவைத்தால் அடுத்த வருடம் அந்தக் குறிப்புதான் உங்களுக்கு வாத்தியார். இன்னொன்று, லெட்டூஸ் விதை மண் சூடு 30 டிகிரியைத் தாண்டினால் முளைக்காமல் உறங்கிவிடும். "மூன்று வாரம் ஒன்றுகூட இல்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, அதில் ஒரு விதைப்பாவது இப்படிப் போயிருக்கும் என்பது என் ஊகம். வெயில் காலத்தில் மாலையில் விதைத்து, குழித்தட்டை முதல் மூன்று நாள் நிழலான, குளிர்ந்த இடத்தில் வையுங்கள். முளை தெரிந்ததும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும், ஒரு நாள் தாமதித்தாலும் தண்டு நீண்டு சாய்ந்துவிடும்.

தக்காளியில் கணக்கோடு ரகமும் சேர்ந்து விளையாடியிருக்கிறது. தக்காளியில் குட்டையாக வளர்ந்து ஒரேயடியாகப் பூத்து, காய்த்து ஓய்ந்துவிடும் ரகங்கள் உண்டு. கொடிபோல ஏறிக்கொண்டே, மேலே பூவும் கீழே பழமுமாக மாதக்கணக்கில் தரும் ரகங்களும் உண்டு. முதல் வகை ஒரே தடவையில் பறித்து ஆலைக்கு அனுப்புகிறவர்களுக்கு ஏற்றது, வாரச் சந்தைக்காரருக்கு இரண்டாவதுதான். கம்பு, கயிறு, பக்கக் கிளை கிள்ளுவது என்று வேலை கூடுதல், இருந்தாலும் 300 குட்டைச் செடிக்குப் பதில் 80 கொடிச் செடி, அதையும் இரண்டு தவணையாக நான்கு வார இடைவெளியில் நட்டால் உங்கள் மேசைக்குத் தாராளம். மிச்சமாகும் இடத்தைக் காலியாக விட்டாலும் பரவாயில்லை. காலி நிலத்தைப் பார்த்தால் கை அரிக்கும், எனக்கும் அரிக்கும். தட்டைப்பயறு, சணப்பு மாதிரி ஏதாவது பசுந்தாள் விதையை வீசிவிட்டு, பூ எடுத்ததும் மடக்கி உழுதுவிடுங்கள்.

இப்போது அந்தக் கசந்த சுக்கினி. முதலில் அவசரமான விஷயம். அந்தச் செடிகளில் இன்னும் காய் இருந்தால் ஒன்றைக்கூடச் சாப்பிடாதீர்கள், விற்காதீர்கள், மாட்டுக்கும் போடாதீர்கள். அந்தக் கசப்புக்குக் குக்குர்பிட்டாசின் என்று பெயர், பூசணிக் குடும்பத்துக் காட்டுச் செடிகள் தங்களைத் தின்ன வருவதைத் துரத்த வைத்திருக்கும் நஞ்சு அது. வாந்தி, வயிற்றுப்போக்கு என்று ஆளைப் படுக்கவைத்துவிடும். சமைத்தாலும் போகாது. சுக்கினியோ சுரையோ வெள்ளரியோ, சந்தேகம் வந்தால் ஒரு துளி நறுக்கி நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத் துப்புங்கள், கசந்தால் செடியோடு பிடுங்கி எறிந்துவிடுங்கள்.

எங்கிருந்து வந்தது இந்தக் கசப்பு? உங்கள் பூப்பட்டியலில் ஏழாவதாக "அலங்காரக் குட்டிப் பூசணி" என்று ஒன்று இருந்தது. அதுதான். பார்க்க ஜாதிக்கு ஜாதி சம்பந்தமே இல்லாத மாதிரி இருந்தாலும் சுக்கினியும் பெரும்பாலான அலங்காரப் பூசணிகளும் குக்குர்பிட்டா பெப்போ என்ற ஒரே இனம், தேனீக்கு இரண்டும் ஒரே வீடு. அலங்காரப் பூசணியின் மகரந்தம் உங்கள் சுக்கினிப் பூவில் விழுந்த வருடம் காயில் எதுவுமே தெரியாது, காயின் சதை தாய்ச்செடியுடையது. கலப்பு உள்ளே விதையில் இருக்கும். அந்த விதையைப் போட்ட அடுத்த வருடம்தான் கோணல் வடிவமும் கசப்பும் வெளியே வரும். நிறையப் பேர் இங்கேதான் ஏமாறுகிறார்கள், "போன வருடம் நன்றாகத்தானே காய்த்தது" என்று. அதே தோட்டத்தில் மொஸ்காட்டா இனப் பூசணி, வெள்ளரி, முலாம்பழம் எல்லாம் இருந்தாலும் சுக்கினியோடு இப்படிச் சேர்ந்து கசக்காது, அவை வேறு இனங்கள். ஆபத்து ஒரே இனத்துக்குள்தான்.

இரண்டையும் பிரித்துவைக்க வேண்டுமென்றால் 800 மீட்டர், ஒரு கிலோமீட்டர் என்று தூரம் சொல்வார்கள். அரை ஏக்கரில் அது நடக்காது, பக்கத்துத் தோட்டத்தில் என்ன பூத்திருக்கிறது என்பதும் உங்கள் கையில் இல்லை. கையால் மகரந்தச் சேர்க்கை செய்யலாம், கஷ்டமில்லை. மாலையில் தோட்டத்துக்குப் போய், மறுநாள் விரியப்போகும் மொட்டுகளைத் தேடுங்கள். நுனி மஞ்சளாகி, உப்பி, விரியாமல் இருக்கும். அடியில் குட்டிக் காய் இருந்தால் பெண் பூ, வெறும் காம்பு மட்டும் என்றால் ஆண். பெண் மொட்டு ஒன்று, வேறு செடிகளிலிருந்து ஆண் மொட்டு இரண்டு, மூன்றுக்கும் நுனியில் டேப் சுற்றிவிடுங்கள், துணி மாட்டும் கிளிப்கூடப் போதும். காலை வெயில் ஏறுமுன் ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிழித்து எறிந்துவிட்டு, நடுத்தண்டை மட்டும் பிடித்துக்கொண்டு, பெண் பூவைத் திறந்து உள்ளே மெதுவாகத் தடவுங்கள். அந்த நேரம் ஒரு தேனீ உங்கள் விரல் இடுக்கில் நுழையப் பார்க்கும், விடாதீர்கள், அது எங்கிருந்து வருகிறதோ யார் கண்டது. பெண் பூவை மறுபடி டேப் போட்டு மூடி, காம்பில் ஒரு சிவப்பு நாடா. அந்தக் காய் விற்பனைக்கு இல்லை. முழங்கை நீளத்துக்கு முற்றி, தோலில் நகம் இறங்காத அளவுக்குக் கெட்டியாகும்வரை, கிட்டத்தட்ட இரண்டு மாதம், கொடியிலேயே கிடக்கட்டும். பறித்தபின் இன்னும் மூன்று வாரம் நிழலில் வைத்து, அப்புறம் விதை எடுங்கள். இவ்வளவும் எதற்கு, விதை வாங்கிக்கொள்ளலாமே என்று தோன்றினால் அதுவும் நியாயம்தான். சுக்கினி விதையை வாங்கிவிடுங்கள் என்றே நான் சொல்வேன். அலங்காரப் பூசணியைப் பயிரிடுவதா இல்லையா என்ற சண்டையும் வீட்டில் வராது.

சொந்த விதையை விட்டுவிடாதீர்கள், எதில் எடுப்பது என்பதில் மட்டும் கறாராக இருங்கள். தக்காளி, பீன்ஸ், பட்டாணி, லெட்டூஸ் நான்கும் பெரும்பாலும் தன் பூவுக்குள்ளேயே மகரந்தம் சேர்த்துக்கொள்பவை, ரகத்துக்கு ரகம் சில மீட்டர் தள்ளி நட்டாலே போதும். கத்தரி, மிளகாய் நடுவாந்தரம், தேனீ வேலை காட்டும், இரண்டு ரகம் போட்டால் விதைக்கென்று விடும் செடிக்கு வலை போட்டு மூடிவிடுங்கள். மக்காச்சோளம், முள்ளங்கி, முட்டைக்கோஸ் பக்கமே போகாதீர்கள். காற்றிலும் தேனீயிலும் கலப்பவை, அதோடு நூறு செடிபோல விதைக்கு விடாவிட்டால் நான்கைந்து தலைமுறையில் ரகமே நோஞ்சானாகிவிடும். வீரிய ஒட்டு ரகம் என்று பொட்டலத்தில் போட்டிருந்தால் அதன் விதை அடுத்த தலைமுறையில் தாய் மாதிரி வராது, ஆளுக்கொரு திசையில் போகும்.

அப்புறம் ஒரு கெட்ட பழக்கம், எல்லோரிடமும் இருக்கிறது, என்னிடமும் பத்து வருடம் இருந்தது. நல்ல காயையெல்லாம் விற்றுவிட்டு, பருவம் முடிந்து செடியில் தொங்கிக்கொண்டிருக்கும் மிச்சம் மீதியை விதைக்கு எடுப்பது. வருடா வருடம் மிச்சத்தையே தேர்ந்தெடுத்தால் என்ன வரும், மிச்சம்தான் வரும். முதல் பறிப்பிலேயே எந்தச் செடி ஆரோக்கியமாக, சுருட்டை நோய் இல்லாமல், நீங்கள் விரும்புகிற மாதிரி காய்க்கிறது என்று பார்த்து நாடா கட்டிவிட்டு, அதை விற்கவே விற்காதீர்கள். லெட்டூஸில் இது தலைகீழ். முதலில் பூத்தண்டு விடும் செடியில் விதை நிறையக் கிடைக்கும், ஆசையாக இருக்கும், அதை எடுத்தால் சீக்கிரம் பூத்தண்டு விட்டுக் கசக்கிற ரகத்தை நீங்களே உருவாக்கியதாகும். கடைசிவரை தண்டு விடாமல் இலையாகவே பிடிவாதம் பிடித்த செடிக்குத்தான் நாடா. தக்காளி விதையை வழவழப்போடு ஒரு டம்ளரில் மூன்று நாள் புளிக்கவிடுங்கள், மேலே வெண்ணிறப் பூஞ்சை படர்ந்து நாறும், அது சரிதான், அந்த வழவழப்புக்குள்ளேதான் முளைப்பைத் தடுக்கும் பொருள் இருக்கிறது. அலசி, பீங்கான் தட்டில் காய வையுங்கள். காகிதத்தில் போட்டால் ஒட்டிக்கொண்டு காகிதத்தோடுதான் விதைக்க வேண்டியிருக்கும்.

பூவுக்கு வருவோம். எது எப்படிக் கெட்டது என்று நீங்கள் விவரமாக எழுதியிருந்தது நல்லதாகப் போயிற்று, ஏனென்றால் "தலை தொங்கியது" என்று நீங்கள் சொல்வதில் இரண்டு வேறு நோய் இருக்கிறது. ஜின்னியா கழுத்து மடங்கியது என்றீர்கள், அது முன்கூட்டியே வெட்டியதால். ஜின்னியா வெட்டிய பிறகு விரிகிற பூ இல்லை, முழுசாக விரிந்து தண்டு இறுகியபின்தான் வெட்ட வேண்டும். பூவுக்கு ஒரு சாண் கீழே தண்டைப் பிடித்து லேசாக ஆட்டிப் பாருங்கள். கழுத்து இப்படியும் அப்படியும் துவண்டால் இன்னும் இரண்டு நாள் விடுங்கள். கம்பிபோலத் தண்டும் பூவும் சேர்ந்து ஆடினால் வெட்டலாம். சூரியகாந்தி இதற்கு நேர் எதிர். முதல் சில இதழ் வட்டிலிலிருந்து எழும்பும்போதே வெட்டிவிட வேண்டும், மிச்சம் வாங்கியவர் வீட்டில் விரியும். கிளாடியோலஸில் அடியில் ஒன்றிரண்டு மொட்டு நிறம் காட்டியதும் வெட்டு, வண்டியில் படுக்கவைக்காமல் நிறுத்திக் கொண்டுபோ, படுக்கவைத்தால் நுனி மேலே பார்க்க வளைந்துவிடும், அப்புறம் எந்த ஜாடியிலும் நேராக நிற்காது.

ஸ்நாப்டிராகனின் பூ பொலபொலவென்று உதிர்ந்தது வேறு கதை. "தக்காளிக் கூடைக்குப் பக்கத்தில் பூ வாளியை வைத்து வேனில் கொண்டுபோவோம்" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், மூடிய வேன், காலை வெயில், பழுத்த தக்காளி. லெட்டூஸைப் புள்ளியாக்கும் அதே எத்திலீன்தான் இங்கே பூவை உதிர்த்திருக்கிறது. பழம் ஒரு நடை, பூ ஒரு நடை என்று போக முடியாவிட்டால் ஜன்னலையாவது திறந்துவிடுங்கள், பூவை முன்னால் வையுங்கள்.

வெட்டும் நேரமும் தப்பு. காய் பறித்து முடித்து 9 மணிக்குப் பூவுக்குப் போகிறீர்கள். பூவை முதலில் முடிக்க வேண்டும், விடிந்ததும், இல்லையென்றால் முந்தின நாள் சாயங்காலம் வெயில் தணிந்தபின் வெட்டி இரவு முழுக்க இருட்டான குளிர்ந்த இடத்தில் தண்ணீரில் நிறுத்தலாம். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும், சந்தை நாள் காலையில் யாருக்கும் நிதானம் இருப்பதில்லை. வாளியைத் தோட்டத்துக்கே எடுத்துப்போங்கள், வெட்டிய தண்டு கையில் இருக்கக் கூடாது, உடனே தண்ணீருக்குள் போக வேண்டும். தண்ணீருக்குள் முங்கும் இலை அத்தனையும் உருவிவிட வேண்டும். வாளியைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள், நேற்றுக் கீரை அலசிய வாளியை அப்படியே கொடுத்தால் அதிலுள்ள பாக்டீரியா தண்டின் நீர்க்குழாயை அடைத்துவிடும், பூ தண்ணீரில் நின்றுகொண்டே தாகத்தில் சாகும்.

பூப்பாத்தியிலும் காலண்டர் வேண்டும். ஒற்றைத் தண்டு சூரியகாந்தி ஒரு விதைக்கு ஒரு பூ, அதோடு முடிந்தது, அதனால் 7 முதல் 10 நாளுக்கு ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமாக விதையுங்கள், செடிக்குச் செடி 15 செ.மீ. நெருக்கமாக. நெருக்கினால் பூ சின்னதாகும், பூங்கொத்துக்கு அந்த அளவுதான் வேண்டும், சோற்றுத்தட்டு அகலப் பூவை யாரும் ஜாடியில் வைப்பதில்லை. மகரந்தம் உதிராத ரகமாகப் பார்த்து வாங்குங்கள், மேசைவிரிப்பில் மஞ்சள் பொடி கொட்டினால் வாங்கினவர் திரும்ப வரமாட்டார். ஜின்னியா, காஸ்மாஸ், செண்டுப்பூ மூன்றும் ஒரு முழம் உயரம் வருமுன் நுனி கிள்ளிவிடுங்கள். மனசு வராது. கிள்ளினால்தான் அடியிலிருந்து நீளமான கிளை நான்கைந்து வரும். பிறகு வெட்ட வெட்டப் பூக்கும், விற்காத பூவையும் வெட்டித்தான் ஆக வேண்டும், விதை கட்ட விட்டால் செடி வேலை முடிந்தது என்று ஓய்ந்துவிடும். விதைக்கு வேண்டுமென்றால் பாத்தியின் ஒரு கோடியில் பத்துச் செடியை ஒதுக்குங்கள்.

விற்பனையைப் பற்றிக் கொஞ்சம். ஃபான் தூனென் என்ற ஜெர்மானியர் 1826இல் நகரத்தைச் சுற்றி எந்தப் பயிர் எங்கே அமையும் என்று வட்டம் வட்டமாகக் கணக்குப் போட்டார். நகரத்தை ஒட்டிய முதல் வட்டத்தில் அவர் வைத்தது காய்கறியும் பாலும், சீக்கிரம் கெடுகிறவை அவைதான் என்பதால். இன்றைக்குக் குளிர்சாதன லாரி அந்த வட்டத்தை அழித்துவிட்டது என்பது உண்மை, முழுக்க அழிக்கவில்லை என்பதும் உண்மை. லாரியில் வர முடியாதது எதுவோ அதுதான் உங்கள் சரக்கு. கொடியிலேயே பழுத்த தக்காளி, இன்று காலை வெட்டிய லெட்டூஸ், பெட்டியில் படுக்கவைத்தால் நசுங்கிப்போகும் ஜின்னியா. உருளைக்கிழங்கும் காய்ந்த வெங்காயமும் மக்காச்சோளமும் லாரிக்காரனுடைய பயிர், அரை ஏக்கரில் அவற்றோடு நீங்கள் போட்டிபோட முடியாது. 28 வகையை 12 ஆக்குங்கள் என்று சொன்னால் எதை விடுவது என்று கேட்பீர்கள், முதல் மூன்றைச் சொல்லிவிட்டேன்.

மிச்சத்தைக் கணக்கு நோட்டு சொல்லும். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்று சொல்லிச் சொல்லியே நாம் கணக்குப் பார்ப்பதை விட்டுவிட்டோம். எடையோடு நேரத்தையும் எழுதுங்கள். ஒரு பாத்தி பீன்ஸ் பறிக்க எத்தனை மணி நேரம், ஒரு பெட்டி கீரை அலசிக் கட்ட எத்தனை மணி நேரம் என்று நான்கு வாரம் எழுதினால் போதும். பறிப்பதும் அலசுவதும் கட்டுவதும் விற்பதும் சேர்ந்து விளைவிக்கும் வேலையைவிடப் பெரிதாக இருப்பதைப் பார்த்து முதலில் திடுக்கிடுவீர்கள், அடுத்து உங்களுக்குப் பிடித்த பயிர் ஒன்று உங்கள் நேரத்தை முழுக்கத் தின்று ஒன்றும் திருப்பித் தராததையும் பார்ப்பீர்கள். பிடித்திருந்தால் வீட்டுக்கென்று நாலு செடி வையுங்கள்.

"முன்பணம் வாங்கி வீடு வீடாகக் கூடை கொடுக்கலாமா" என்று ஓரத்தில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். நல்ல முறைதான். ஜப்பானில் 1970களில் தெய்கெய் என்ற பெயரில் விவசாயிகளும் குடும்பங்களும் நேரடியாகக் கைகோத்து இப்படி நடத்தினார்கள், அமெரிக்காவில் 1986இல் இரண்டு பண்ணைகள் பருவத் தொடக்கத்திலேயே பணம் வாங்கி விளைச்சலில் பங்கு கொடுக்க ஆரம்பித்தன. ஆனால் முன்பணம் என்பது கடன், வட்டிக்குப் பதில் ஒவ்வொரு வாரமும் கூடை நிறைய வேண்டும். லெட்டூஸ் வாரா வாரம் வர ஆரம்பித்தபின் காய்கறிக்குப் போங்கள். பூவில் இந்த வருடமே தொடங்கலாம், பத்து வீடு, 8 வாரம், வாரம் ஒரு பூங்கொத்து. எத்தனை தண்டு வேண்டும் என்பது முன்கூட்டியே தெரிவதால் காலண்டருக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது. சந்தையில் கடைசி அரை மணியில் விலையை இறக்கும் பழக்கம் மட்டும் வேண்டாம், இரண்டே மாதத்தில் எல்லோரும் அந்த அரை மணிக்கே வர ஆரம்பித்துவிடுவார்கள். மிஞ்சியதை யாருக்காவது சும்மா கொடுங்கள், இல்லை உரக்குழிக்குப் போகட்டும்.

குளிர் அறையை எப்போது கட்டலாம்? தவணை தவணையாக விதைத்து ஒரு முழுப் பருவம் ஓட்டியபின்னும், பறித்ததை ஒரு நாள் வைக்க முடியாமல் விற்பனை போகிறது என்று நோட்டில் எத்தனை தடவை எழுதியிருக்கிறீர்கள் என்று எண்ணுங்கள். பத்தைத் தாண்டினால் எனக்கு எழுதுங்கள், எந்த அளவு, எத்தனை டிகிரி என்று பேசலாம். அதுவரை நிழலும், குளிர்ந்த தண்ணீரில் முக்கி எடுத்த கீரையும், ஈரச் சாக்கு போர்த்திய கூடையும்.

வெங்காய விதை. காய்ந்த வெங்காயத்தை விற்பனைக்குப் போட வேண்டாம் என்றேன், வீட்டுக்கென்று கொஞ்சம் போடலாம். 1879இல் அமெரிக்கத் தாவரவியலாளர் வில்லியம் பீல் களை விதைகளை மணலோடு 20 பாட்டிலில் போட்டுப் புதைத்துவைத்தார், 2021இல் ஒரு பாட்டிலைத் தோண்டி எடுத்தபோது 142 வருடம் கழித்தும் அதில் சில முளைத்தன. உங்கள் தோட்டத்துக் களைகளும் அப்படித்தான், ஒன்றைக்கூட விதை கட்ட விடாதீர்கள். ஆனால் வெங்காய விதைக்கு அந்த ஆயுள் இல்லை, நம் காய்கறி விதைகளில் சீக்கிரம் செத்துப்போகிறவற்றில் அது ஒன்று. சாதாரண அலமாரியில் இருந்தால் ஒரு வருடம், இரண்டு வருடம்தான். விதையின் ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும், வைக்கும் இடத்தின் சூடு 5 டிகிரி குறைந்தாலும் இரட்டிக்கும் என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு, அதனால் நீங்கள் எங்கே எப்படி வைத்திருந்தீர்கள் என்பதைப் பொறுத்தது. சோதித்துவிடுங்கள். 50 விதை எண்ணி, ஈரத்துணியில் பரப்பிச் சுருட்டி, பிளாஸ்டிக் பையில் போட்டு, வெயில் படாத இடத்தில் வையுங்கள். நாள்தோறும் ஈரம் பார்த்து, பன்னிரண்டாம் நாள் பிரித்து எண்ணுங்கள். 40க்கு மேல் முளைத்திருந்தால் தைரியமாகப் போடலாம், 25 என்றால் இரண்டு மடங்கு அடர்த்தியாக நாற்றங்காலில் தெளியுங்கள், பத்துப் பன்னிரண்டுதான் என்றால் குப்பையில் கொட்டிவிட்டுப் புது விதை வாங்குங்கள்.